தெரு முகப்பும் மக்கள் பார்வையும்: புதுச்சேரி வைசியாள் வீதியை முன்வைத்து

வீட்டின் முகப்பு பத்திரப்படி உரிமையாளருக்குச் சொந்தம். ஆனால் அதைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் எதிர்வீட்டாரும் தெருவில் போகிறவர்களும்தான். வீட்டுக்காரர் தம் முகப்பைக் காண்பது வெளியே போகும்போதும் திரும்பி வரும்போதும் மட்டுமே. புதிதாக வகுக்கப்பட்ட மனைப்பிரிவுகளில் ஒவ்வொரு வீடும் சுற்றுச்சுவருக்குள் தனித்து நிற்பதால் இது பெரிதாகத் தெரிவதில்லை. சுவரோடு சுவர் ஒட்டி, வரிசை பிசகாமல் வீடுகள் நிற்கும் பழைய தெருவில் கதை வேறு. அங்கே ஒரு முகப்பு மாறினால் தெருவே மாறிப்போகிறது.

அவையோரே, இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் பொருள் இதுவே: பழைய நகரத் தெரு ஒன்றின் முகப்புகளைப் பொதுமக்கள் எப்படிப் பார்க்கிறார்கள், அந்தப் பார்வை எதனால் உருவாகிறது, பாதுகாப்புப் பணியில் அதற்கு என்ன இடம் தரவேண்டும். சொற்பொழிவு நிறுவ முற்படும் கருத்து ஒன்றுதான். மக்கள் ஒரு முகப்பை மதிப்பது அதன் பாணியை வைத்து மட்டுமன்று. அது தெருவுக்கு என்ன தருகிறது என்பதையும் வைத்துத்தான். ஆகவே புதுச்சேரியின் தமிழ்த் தெருக்களைக் காக்க நினைப்பவர்கள் வண்ணத்தையும் மாடி அலங்காரத்தையும் கவனிப்பதற்கு முன்னால் தாழ்வாரத்தையும் திண்ணையையும் காக்க வேண்டும். இக்கருத்து கீழே ஏழு கூறுகளாக விளக்கப்படுகிறது.

1. தெருக்கள் அமைந்த வரலாறு

புதுச்சேரியின் நேர்கோட்டுத் தெருக்கள் பிரெஞ்சுக்காரர்கள் மட்டும் வகுத்தவை அல்ல. 1693இல் நகரைக் கைப்பற்றி 1699 வரை வைத்திருந்த டச்சுக்காரர்கள் குறுக்கும் நெடுக்குமான கட்ட அமைப்புக்கு வரைபடம் தீட்டினர். பின்வந்த பிரெஞ்சு ஆட்சி அதைப் பின்பற்றி நகரை வளர்த்தது. 1761இல் ஆங்கிலேயர் நகரைப் பிடித்துக் கோட்டையையும் கட்டடங்களையும் இடித்துத் தள்ளினர். 1765இல் பிரெஞ்சுக்காரர்கள் திரும்பியபோது, ஆளுநர் ழான் லா தெ லொரிஸ்தோன் பழைய தெருக்கோடுகளின் மீதே நகரை எழுப்பினார். இந்த அவை கூடியிருக்கும் லாஸ்பேட்டை அவர் பெயரால் அழைக்கப்படுவதாகவே சொல்லப்படுகிறது.

இன்று பழைய நகரைச் சுற்றியுள்ள புல்வார் சாலை வளையத்துக்குள் நிற்கும் பழைய வீடுகளில் மிகப் பெரும்பாலானவை அந்த மறுகட்டுமானத்துக்குப் பிற்பட்டவை. அழிவுக்குத் தப்பிய மிகச் சிலவற்றுள் ஒன்றாக ரங்கப்பிள்ளை வீதியில் உள்ள ஆனந்தரங்கப்பிள்ளை மாளிகை குறிப்பிடப்படுகிறது. அதன் கீழ்த்தளம் தமிழ் முறையிலும் மேல்தளம் ஐரோப்பிய முறையிலும் அமைந்தது. பின்னால் இந்நகரின் பல தெருக்களில் பரவிய கலப்புப் பாணிக்கு அந்த வீடு முன்னோடி.

நகரின் நடுவே ஓடும் பெரிய வாய்க்கால் கடலோரப் பிரெஞ்சுப் பகுதியையும் மேற்கே உள்ள தமிழ்ப் பகுதியையும் பிரித்தது. தமிழ்ப் பகுதிக்குள்ளும் இந்து, கிறித்தவ, இசுலாமியத் தெருக்கள் தனித்தனியே அமைந்தன. வாய்க்காலின் இரு கரைகளிலும் ஒரே கொத்தனார் வேலை, ஒரே செங்கல், ஒரே சுண்ணாம்பு. ஆனால் தெருவை நோக்கி வீடு நிற்கும் முறை இரண்டு கரைகளிலும் வேறுவேறு.

2. இருவகை முகப்புகள்

பிரெஞ்சுப் பகுதியின் முகப்பு தெருவுக்கு முதுகு காட்டுவது. உயரமான மதில், அதில் வேலைப்பாடமைந்த வாயில், உள்ளே தோட்டம், அதற்குப் பின்னால் தூண் வரிசையுடன் வீடு. தெருவை ஒட்டிய சுவர் அரைத்தூண்களாலும் கிடைக் கட்டுகளாலும் பிரிக்கப்பட்டிருக்கும். நெடிய சன்னல்களுக்கு மேலே சற்றே வளைந்த வில், மரச் சட்டங்கள் அடுக்கிய கதவுகள். மேல்தளத்தில் இரும்புத் தாங்கிகளின் மீது மர பால்கனி. நடந்து போகிறவருக்கு இத்தெரு ஒழுங்கான ஓர் ஓவியம்; ஆனால் அவர் நின்று இளைப்பாற அதில் இடமில்லை.

தமிழ்ப் பகுதியின் முகப்பு தெருவை வரவேற்பது. தெருவிலிருந்து தொடங்கிப் பார்த்தால் முதலில் வருவது தாழ்வாரம். ஒல்லியான மரத்தூண்களின் மேல் சரிந்து இறங்கும் ஓட்டுக்கூரை, அதன் அடியில் தெருவைவிடச் சற்று உயர்ந்த மேடை. இது வழிப்போக்கருக்கு உரிய இடம். அடுத்து, சுவரை ஒட்டிய திண்ணை. இது வீட்டைத் தேடி வருபவருக்கு உரிய இடம். அதன் நடுவே செதுக்கு வேலை நிறைந்த தேக்கு நிலையும் கதவும். அதைக் கடந்த பிறகுதான் நடையும் முற்றமும் குடும்பத்தின் அந்தரங்கமும். மாடி இருந்தால் அங்கே பிரெஞ்சுச் சாயல்: அரைவட்ட வில் சன்னல்கள், சுதை அலங்காரம், மேலே கைப்பிடிச் சுவரில் உருண்ட சிறு தூண்களின் வரிசை.

வெயில் ஏறிய வேளையில் தாழ்வாரம் அறாத தெருவில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நிழலின் ஊடே நடக்கலாம். தூண் ஒன்றுக்குப் பக்கத்தில் பூக்காரி கூடையை இறக்கி வைத்திருப்பார். அடுத்த வீட்டுத் திண்ணையில் முதியவர் ஒருவர் செய்தித்தாளோடு இருப்பார். நடுவில் ஒரு வீடு இடிக்கப்பட்டுக் கான்கிரீட் படியும் ஷட்டரும் வந்த இடத்தில் நிழல் அறுந்து, நடப்பவர் தெருவில் இறங்கி வண்டிகளுக்கு நடுவே போக வேண்டியதாகிறது. ஒரு முகப்பின் இழப்பை ஊரார் உணர்வது பெரும்பாலும் இப்படித்தான்: கண்ணால் அல்ல, காலால்.

3. பார்வையை அறியும் முறைகள்

மக்களுக்கு எந்த முகப்பு பிடிக்கும் என்பது வெறும் ரசனை, அதை ஆராய முடியாது என்று கருதப்பட்ட காலம் உண்டு. 1960இல் வெளியான தம் நூலுக்காக நகரமைப்பாளர் கெவின் லிஞ்ச் அமெரிக்க நகரங்கள் மூன்றில் மக்களைத் தங்கள் ஊரை வரைந்து காட்டச் சொன்னார். எவை மனத்தில் நிற்கின்றன, எவை மறைந்து போகின்றன என்பது அந்த வரைபடங்களில் தெரிந்தது. உளவியலாளர் சார்லஸ் ஆஸ்குட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1957இல் வெளியிட்ட எதிர்ச்சொல் அளவுகோலும் கட்டட ஆய்வுக்கு வந்தது. ஒரு முகப்பின் படத்தைக் காட்டி, அழகு–அழகின்மை, எளிமை–சிக்கல், அழைப்பது–விலக்குவது போன்ற இணைகளுக்கு இடையே ஏழு படிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது அந்த முறை. மக்களோடு தெருவில் கூடவே நடந்து, எங்கே நிற்கிறார்கள், எதைச் சுட்டுகிறார்கள் என்று குறித்துக்கொள்வது மற்றொரு முறை.

இம்முறைகளால் தெளிந்த முடிவுகள் சில புதுச்சேரிக்கு நேராகப் பொருந்துகின்றன. உளவியலாளர் டேனியல் பெர்லைன் 1971இல் வகுத்தபடி, வேலைப்பாடு மிகக் குறைந்தாலும் சலிப்பு, மிகக் கூடினாலும் குழப்பம். இரண்டுக்கும் நடுவில்தான் விருப்பம் உச்சத்தை அடைகிறது. ஒரே உயரத்தில் ஓடும் கூரை, ஒரே இடைவெளியில் தூண்கள், ஆனால் வீட்டுக்கு வீடு மாறும் கதவுச் செதுக்கல் என்று அமைந்த தமிழ்த் தெரு அந்த நடுநிலைக்கு நல்ல சான்று.

நகரமைப்பு ஆய்வாளர் ஜாக் நாசர் 1998இல் வெளியிட்ட நூலில், நகரக் காட்சியை மக்கள் விரும்பக் காரணமான ஐந்து பண்புகளைத் தொகுத்தார்: மரம் செடி முதலிய இயற்கை, பராமரிப்பு, திறந்த வெளி, வரலாற்றுச் சாயல், ஒழுங்கு. இவற்றுள் பராமரிப்பும் வரலாற்றுச் சாயலும் ஒன்றையொன்று சார்ந்தவை. சுண்ணாம்பு உதிர்ந்து, அரசமரக் கன்று முளைத்து நிற்கும் வீட்டை மக்கள் பழைமை என்று பார்ப்பதில்லை, பாழ் என்றே பார்க்கிறார்கள். அதே வீட்டைப் பழுது பார்த்துப் பூசினால் மறுநாளே அது தெருவின் பெருமையாகிவிடுகிறது. மக்களின் மதிப்பீடு மாறாத ஒன்றல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

தரைத்தளத்தின் முதன்மையை எடுத்துக்காட்டியவர் டென்மார்க் நாட்டுக் கட்டடக் கலைஞர் யான் கேல். நடந்து செல்பவரின் கண் தாழ்வாகவே படர்கிறது. மேல்தளங்கள் நிமிர்ந்து பார்த்தால்தான் தெரியும். நூறு மீட்டருக்குப் பதினைந்து முதல் இருபது கதவுகள் உள்ள தெரு நடப்பதற்கு உவப்பானது என்பது அவர் தரும் கணக்கு. குறுகிய மனைகளும் அடுத்தடுத்த வாசல்களுமாக அமைந்த பழைய தமிழ்த் தெரு, இந்தக் கணக்கு எழுதப்படுவதற்கு வெகு காலம் முன்பே அதற்கு இணங்கி வாழ்ந்தது.

4. நால்வர் பார்வை

பொதுமக்கள் என்று ஒரே சொல்லால் குறித்தாலும் ஒரு தெருவைப் பார்ப்பவர்கள் பல திறத்தினர். புதுச்சேரியில் குறைந்தது நான்கு பார்வைகளைப் பிரித்தறிய வேண்டும்.

முதலாவது வெளியூர்ப் பயணியின் பார்வை. மஞ்சள் சுவர், வெள்ளைக் கட்டு, சுவரில் படர்ந்த காகிதப்பூக் கொடி, நீலத் தெருப்பலகை: இவையே அவருக்குப் புதுச்சேரி. பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுன் தெருக்களில் வார இறுதிகளில் புகைப்படம் எடுக்க நிற்கும் கூட்டம் இதைக் காட்டும். இந்தப் பார்வைக்குள் அடங்காதவை அருகிலேயே இருந்தாலும் கண்ணில் படுவதில்லை. கட்டடக் கலைஞர் அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்து 1937இல் தொடங்கி 1940களில் நிறைவடைந்த கோல்கொண்டே விடுதி அதே பகுதியில்தான் இருக்கிறது. முழு முகப்பும் திறந்து மூடும் கிடைப் பலகைகளால் ஆன, இந்தியாவின் தொடக்ககால நவீனக் கான்கிரீட் கட்டடங்களுள் தலைசிறந்த ஒன்று அது. மஞ்சள் தேடி வரும் கண் அதன் சாம்பல் நிறத்தைக் கடந்து போய்விடுகிறது.

இரண்டாவது வல்லுநரின் பார்வை. அவர் காலத்தையும் பாணியையும் கட்டுமான முறையையும் காண்கிறார். கட்டடக்கலை பயின்றவர்களின் விருப்பமும் ஏனையோரின் விருப்பமும் வேறுபடுகின்றன என்பது பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு.

மூன்றாவது குடியிருப்பவரின் பார்வை. அவருக்கு முகப்பு என்றால் ஒழுகும் ஓடு, கரையான் அரிக்கும் தூண், வண்டி நிறுத்த இடமின்மை, பாகப்பிரிவினையில் உடன்படாத பங்காளிகள். பக்கத்து வீட்டார் இடித்துவிட்டு மாடி கட்டி வாடகைக்கு விடும்போது, பழைய வீட்டில் இருப்பவர் தம்மைப் பின்தங்கியவராக எண்ணத் தொடங்குகிறார். தம் வீட்டின் மேல் அவருக்குப் பற்று இல்லாமல் இல்லை. பற்றைச் செலவுதான் அமுக்குகிறது.

நான்காவது, விரிவாக்கப் பகுதிகளில் வாழும் ஊராரின் பார்வை. லாஸ்பேட்டை, முத்தியால்பேட்டை, ரெட்டியார்பாளையம் ஆகிய இடங்களில் வாழ்பவர்கள் பழைய நகருக்குக் கடைக்கும் கோயிலுக்கும் அலுவலகத்துக்கும் போகிறார்கள். அவர்கள் பயணிகளும் அல்லர். அங்கே குடியிருப்பவர்களும் அல்லர். நாள்தோறும் தெருவைப் பயன்படுத்துபவர்களில் பெரும்பகுதியினர் இவர்களே. ஆனால் பாதுகாப்பு பற்றிய பேச்சில் இவர்களின் கருத்து கேட்கப்படுவது மிக அரிது.

5. வைசியாள் வீதி தந்த பாடம்

புதுச்சேரியில் முகப்புப் பாதுகாப்பு தெரு அளவில் நடந்த முதன்மையான முயற்சி வைசியாள் வீதியில் நிகழ்ந்தது. கால்வே சுப்பராய செட்டியார் வீதி என்னும் பெயரும் உடைய இத்தெருவின், மிஷன் வீதிக்கும் காந்தி வீதிக்கும் இடைப்பட்ட பகுதி அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தின் கீழ் 2002 முதல் 2004 வரை பணி நடந்தது. இத்தாலியின் உர்பினோ நகரும் பிரான்சின் வில்நெவ்-சூர்-லோ நகரும் பங்காளிகள். பணியை முன்னின்று நடத்தியது பாரம்பரியப் பாதுகாப்புக்கான இன்டாக் அமைப்பின் புதுச்சேரிக் கிளை. ஏறத்தாழ இருபது வீடுகளின் முகப்புகள் செப்பனிடப்பட்டன. செலவைத் திட்டமும் உரிமையாளர்களும் பகிர்ந்துகொண்டனர். 2008இல் இத்தெரு யுனெஸ்கோவின் ஆசிய–பசிபிக் பாரம்பரிய விருதைப் பெற்றது.

விருதைவிடப் பெரியது இப்பணி கையாண்ட அலகு. தனி வீடு ஒன்றை எடுத்துக் காப்பதற்குப் பதிலாகத் தெருவின் இரு வரிசைகளையும் சேர்த்துப் பார்த்தார்கள். கான்கிரீட் முகப்பாக மாறிவிட்ட வீடுகளுக்கும் தாழ்வாரமும் தூண்களும் மீண்டும் பொருத்தி வரிசையோடு இணைத்தார்கள். அரண்மனையோ கோயிலோ மட்டுமே பாரம்பரியம் என்று நினைத்திருந்தவர்களுக்கு, சாதாரணக் குடும்பங்கள் வாழும் தெருவும் பாரம்பரியமே என்பதை அது கண்முன் காட்டியது. உரிமையாளர் தம் பங்குப் பணத்தையும் போட்டதால், முகப்பு வெளியார் வந்து பூசிவிட்டுப் போன சுவராக இல்லாமல் அவருடைய முடிவாகவும் ஆனது.

ஆனால் ஒரு தெரு மட்டும் போதாது. இன்டாக் 1990களில் எடுத்த கணக்கில் ஏறத்தாழ 1,800 பழைய கட்டடங்கள் பட்டியலிடப்பட்டன. அவற்றில் பல நூறு இன்று இல்லை. அழிவு தமிழ்ப் பகுதியிலேயே மிகுதி. பொதுக் கட்டடங்களும் தப்பவில்லை. கடற்கரைச் சாலையில் 1870களின் தொடக்கத்திலிருந்து நின்ற மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பழைய வடிவிலேயே மீண்டும் கட்டப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. இடிந்த அன்று நகரம் காட்டிய துயரம், மக்கள் இக்கட்டடங்களைப் பொருட்படுத்துவதில்லை என்ற பேச்சைப் பொய்யாக்கியது. பெரிய கட்டடத்துக்குக் கிடைத்த அந்தத் துயரம், தமிழ்த் தெரு ஒன்றில் ஒரு தாழ்வாரம் பெயர்க்கப்படும்போது கிடைப்பதில்லை. அதை மீட்டுத் தரும் திட்டமும் வருவதில்லை.

6. பூச்சும் வண்ணமும்

மக்கள் முதலில் பேசுவது வண்ணத்தைப் பற்றி. ஆனால் முகப்பின் ஆயுளைத் தீர்மானிப்பது வண்ணத்துக்கு அடியில் உள்ள பூச்சு. பழைய சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டவை. தளங்கள் தேக்கு உத்திரங்களின் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கிச் சுண்ணாம்பில் பிணைக்கும் மெட்ராஸ் டெரஸ் முறையில் அமைந்தவை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி மீண்டும் வெளியே விடும். அதன் மேல் சிமெண்டுப் பூச்சையும் பிளாஸ்டிக் கலந்த பெயிண்டையும் ஏற்றினால் ஈரம் உள்ளே சிறைப்படும். கடற்காற்றின் உப்பும் சேர, சில ஆண்டுகளில் பெயிண்ட் கொப்பளித்து, பூச்சு பாளம் பாளமாகக் கழன்றுவிடும். பழைய வீடு நிலைக்காது என்ற எண்ணம் பரவ இந்தத் தவறான பழுதுபார்ப்பும் ஒரு காரணம். உண்மையில் தோற்றது வீடு அன்று, மருத்துவம்.

வண்ணத்திலும் ஓர் ஆபத்து வளர்ந்துவருகிறது. பிரெஞ்சுப் பகுதியின் மஞ்சளும் வெள்ளையும் பயணிகளிடம் பெயர்பெற்றுவிட்டதால், நகரின் எந்தக் கடைக்கும் விடுதிக்கும் அதையே பூசுவது வழக்கமாகிறது. புதிய கான்கிரீட் கட்டடத்துக்கு மஞ்சள் பூசி, வில் சன்னல் ஒட்டி, பிரெஞ்சுப் பெயர் எழுதினால் பாரம்பரியம் வந்துவிட்டது என்ற மயக்கம் உண்டாகிறது. இதனால் தமிழ்ப் பகுதி தன் சாயலை இழந்து, வாய்க்காலின் கீழ்க்கரைக்கு நகலாகிறது. மக்களுக்குப் பிடிக்கிறது என்று இதை நியாயப்படுத்துவோர் நால்வர் பார்வையில் ஒருவரின் பார்வையை மட்டுமே கணக்கில் கொள்கிறார்கள்.

7. பிற ஊர்களின் அனுபவம்

தாழ்வாரத்துக்கு உறவான ஒன்று சிங்கப்பூரில் சட்டமாகவே இருந்தது. 1822இல் ஆங்கிலேய ஆட்சியாளர் ராபிள்ஸ் நகரமைப்புக் குழுவுக்கு அளித்த குறிப்பில், ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் தொடர்ச்சியான, கூரையிட்ட, எப்போதும் திறந்த நடைவழி இருக்க வேண்டும் என்று கூறினார். அதுவே ஐந்தடி நடைபாதையாக வளர்ந்து, மலாயா நகரங்களுக்கும் பரவியது. தமிழர்கள் மிகுந்த லிட்டில் இந்தியா 1989இல் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டபோது அந்த நடைபாதையும் சேர்ந்து காக்கப்பட்டது. புதுச்சேரியில் தாழ்வாரம் வழக்கத்தால் வந்தது. வழக்கம் தளர்ந்தபோது அதைத் தாங்கிப் பிடிக்கும் வலுவான விதி இல்லாமல் போயிற்று.

இலங்கையின் காலிக் கோட்டை எச்சரிக்கை தருவது. 1988இல் உலக மரபுச் சின்னமான அந்தக் கோட்டைக்குள், வெராந்தாக்கள் கொண்ட பழைய வீடுகள் பல விடுதிகளாகவும் கடைகளாகவும் கைமாறின. முகப்புகள் பொலிவாக இருக்கின்றன. அவற்றின் பின்னால் வாழ்ந்த குடும்பங்கள் குறைந்துவிட்டன. புதுச்சேரியிலும் பழைய தமிழ் வீடுகள் தங்கும் விடுதிகளாகி உயிர் பிழைக்கின்றன. இடிபடுவதைவிட அது ஆயிரம் மடங்கு நன்று. ஆனால் தெரு முழுவதும் விடுதியானால் திண்ணையில் உட்கார ஊரார் எவரும் இருக்கமாட்டார்கள். அழகைக் காத்துப் பயனை இழப்பது பாதிப் பாதுகாப்பே.

முடிவாக

மேற்கூறியவற்றிலிருந்து கிடைக்கும் நெறிகள் நான்கு. முதலாவது, தெருவை அலகாகக் கொள்ள வேண்டும். தனிக் கட்டடப் பட்டியலோடு தாழ்வாரம் தொடரும் தெருக்களின் பட்டியலும் வேண்டும். இரண்டாவது, எந்தத் தெருவில் பணி தொடங்கினாலும் அதற்கு முன் குடியிருப்பவர், வணிகர், நடப்பவர், பயணி ஆகிய எல்லோரின் கருத்தையும் முறையாகக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். மூன்றாவது, மானியமும் வரிச் சலுகையும் கீழ்த்தளத்துக்கு முதலில் போக வேண்டும். தாழ்வாரத்தின் ஓடும் தூணும் திண்ணையும் சரியானால் மேல்தளம் பின்னால் வரும். நான்காவது, சுண்ணாம்பு வேலையும் மெட்ராஸ் டெரஸ் வேலையும் அறிந்த கொத்தனார்களிடம் இளைஞர்கள் தொழில் பயில வழி செய்ய வேண்டும். கைவினை மறைந்தால் பணம் இருந்தும் பழுது பார்க்க ஆள் இருக்காது.

இப்பொறுப்பு பழைய நகரில் வீடு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் உரியதன்று. லாஸ்பேட்டையில் புதிதாக வீடு கட்டுகிறவரும் சுற்றுச்சுவரை ஒட்டி ஒருவர் உட்காரும் அளவுக்கு ஒரு மேடையும் அதற்கு மேல் சிறிது நிழலும் விடலாம். அதற்கு ஆகும் செலவு சொற்பம். கல்லூரி மாணவர்கள் ஒரு தெருவை எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு வீடு முகப்பை அளந்து, அங்கே வாழ்பவர்களின் சொல்லை எழுதி வைக்கலாம். எஞ்சியிருக்கும் தாழ்வாரங்கள் எண்ணிவிடக் கூடிய அளவில் இருக்கும்போதே அந்தப் பணி தொடங்கப்பட வேண்டும் என்பதே இந்த அவைக்கு முன்வைக்கப்படும் வேண்டுகோள்.